பெட்டி தரையில் இறங்கிய இடம்

இதை எழுத மூன்று வருஷமாகத் தயங்கினேன். நோட்டை எடுப்பேன், கடைக்கு ஆள் வரும், அதையே சாக்காக வைத்து மூடிவிடுவேன். நடந்ததை நடந்தபடி சொன்னால் அம்மனைக் குறைத்துச் சொன்னதாகிவிடுமோ என்ற பயம்தான். நான் அருப்புக்கோட்டையில் சின்ன மளிகைக் கடை வைத்திருப்பவன். ஒன்பதாவது வரை படிப்பு. பிழை இருந்தால் பொறுக்கவும்.

எங்கள் குலதெய்வம் திருச்சுழிப் பக்கம் கரிசல் காட்டுக்குள் இருக்கிறது. பஞ்சத்தில் ஒரு புருஷன், பெண்டாட்டி, மகள், கூட ஒரு கோழி, இவ்வளவுதான் முதலில் வந்த குடி. பழைய கோவிலின் பிடிமண்ணை ஓலைப்பெட்டியில் வைத்து அந்த அம்மாள் தலையில் சுமந்து வந்தாளாம். மாசி மாதம் பங்காளிகள் கூடி அதே மாதிரி நடந்து காட்டுவோம். யார் வேஷம் கட்டுவது என்று சீட்டுப் போடுவார்கள். கோவில் போய்ச் சேரும்வரை பெட்டி தரையில் படக்கூடாது.

அந்த வருஷம் சீட்டு எங்களுக்கு விழுந்தது. என் மனைவி செல்விக்குக் கர்ப்பப்பை எடுத்து ஒரு வருஷம். பிழைத்து எழுந்தால் பெட்டி சுமக்கிறேன் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் நேர்ந்திருந்தாள். என் பெரியப்பா மகனின் மனைவி பாண்டியம்மா மதினிக்கு அதில் சம்மதமில்லை. "ஆபரேஷன் பண்ண ஒடம்பு. வழியில எதுவும் ஆச்சுன்னா சாமிக்கு யாரு பதில் சொல்றது?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள்.

காலை ஆறேகாலுக்கு எம்.ரெட்டியபட்டி டவுன் பஸ். எனக்குப் பதினைந்து ரூபாய். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. என் மகள் மடியில் கோழி.

"அண்ணாச்சி, கோழிக்கு அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா?" என்றார் கண்டக்டர்.

"பொட்டக் கோழிண்ணே. அதுக்கும் ஃப்ரீதான்" என்றாள் மகள். பஸ்ஸே சிரித்தது. செல்வி மட்டும் சிரிக்கவில்லை.

ஏழரைக்குப் பழைய கோவிலில் பிடிமண் எடுத்துப் புறப்பட்டோம். புதுக் கோவிலுக்குப் பதினொரு கிலோமீட்டர், செருப்பில்லாத நடை. நான் தலைப்பாகை கட்டி, கம்பும் மூட்டையுமாக முன்னால் போனேன். பின்னால் தலையில் பெட்டியோடு செல்வி, மகள், அப்புறம் நாற்பது பங்காளிகள். இரண்டு பக்கமும் பருத்தி வெடித்துக் கிடந்தது. நிழலுக்கு வேலிக்கருவையை விட்டால் ஒன்றுமில்லை.

பத்தே முக்கால் இருக்கும். "அப்பா, அம்மாவப் பாரு" என்று மகள் கத்தினாள். திரும்பினேன். செல்வி சாய்ந்துகொண்டிருந்தாள், பெட்டியும் சாய்ந்தது. நான் செல்வியைப் பிடித்தேன். பெட்டி விழுந்து மண் சிந்தியது.

கண் விழித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "பெட்டி எங்க?"

தரையைப் பார்த்துவிட்டாள். "சாமி என்னைய வேண்டாம்னுருச்சுங்க" என்று அழுதாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மதினி வந்தாள். பதில் கேட்க வருகிறாள் என்றுதான் நினைத்தேன். செல்வி தலையைத் தன் மடியில் எடுத்து வைத்தாள்.

"கடைசியா எப்பத் தண்ணி குடிச்ச?"

"நேத்துப் பொழுது சாயக் குடிச்சேன்க்கா. பெட்டி சுமக்கிறவுக குடிக்கக் கூடாதுல்ல."

"எவடி சொன்னா ஒனக்கு? சோறுதான் கூடாது. தண்ணி குடிக்காமயா அந்தம்மா பஞ்சத்துல நடந்து வந்தாக?" திட்டிக்கொண்டே பாட்டிலை வாயில் வைத்தாள்.

பூசாரி சித்தப்பா சிந்திய மண்ணைக் கூட்டிப் பெட்டியில் அள்ளினார். வெள்ளை அரளியும் செவ்வரளியும் தனித்தனி இலையில் மடித்துப் போட்டு, மகளை ஒன்று எடுக்கச் சொன்னார். வெள்ளை வந்தால்தான் பெட்டியைத் தூக்க உத்தரவு. சிவப்பு வந்தது.

செல்வி முகத்தை மூடிக்கொண்டாள்.

"எறங்குன எடத்துல பொங்கிப் படைச்சுட்டுத் திரும்பக் கேப்போம்" என்றார் சித்தப்பா. எங்கள் பானையும் அரிசியும் டிராக்டரில் முன்னாலேயே கோவிலுக்குப் போய்விட்டன. பருத்தி எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் ஒரு சட்டி கொடுத்தார்கள். ஒரு பங்காளி ரெட்டியபட்டிக்குப் பைக்கில் போய் அரிசி, வெல்லம் வாங்கி வந்தான். மதினியே அடுப்பு மூட்டினாள். பன்னிரண்டரைக்குப் பொங்கி வழிந்தது. படைத்துவிட்டு மறுபடி கேட்டோம். மகள் இலையைப் பிரிக்கப் பயந்து என்னிடம் நீட்டினாள். பிரித்தேன். வெள்ளை.

மீதி வழிக்கு யார் சுமப்பது என்று பேச்சு வந்தது. மதினி யாரையும் கேட்கவில்லை. சும்மாட்டைச் செல்வி தலையில் வைத்து, பெட்டியைத் தூக்கி ஏற்றினாள். "நட. நா ஒட்டியே வாரேன். அரை மைலுக்கு ஒருக்கா தண்ணி குடிக்கணும், ஆமா."

இரண்டே முக்காலுக்குக் கோவிலில் பெட்டி இறங்கியது. திரும்பி வரும் பஸ்ஸில் செல்வி என் தோளில் சாய்ந்து, அருப்புக்கோட்டை வரும்வரை தூங்கினாள். அவள் அப்படித் தூங்கி ஒரு வருஷமாகியிருந்தது.

இப்போது ஊரில் வேறு மாதிரி சொல்கிறார்கள். செல்விமேல் அம்மன் இறங்கியதாம். பெட்டி அந்தரத்தில் நின்றதாம். முதல் இலையிலேயே வெள்ளை வந்ததாம். செல்வி கையால் திருநீறு கேட்டுக் கடைக்கே வருகிறார்கள். அவள் உள்ளே போய் ஒளிந்துகொள்கிறாள். விழுந்த பெட்டியைத் திரும்பத் தூக்கச் சொன்னாளே அம்மன், அந்த அருள் எங்களுக்குப் போதும். இதைப் படிப்பவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது மண் சிந்தியதையும் முதலில் சிவப்பு வந்ததையும் விட்டுவிடாமல், ஒன்றும் கூட்டாமல் சொல்லுங்கள்.