பல்லக்காவுக்கு ஒற்றைக் கட்டில் அறை

நீங்கள் கடைசியாக எப்போது, யாரிடமும் ஒரு காரணமும் சொல்லாமல், வெளியூருக்குப் போய் ஒரு ராத்திரி தங்கினீர்கள்?

ஆண் என்றால், இதெல்லாம் ஒரு கேள்வியா என்று அடுத்த வரிக்குத் தாவியிருப்பீர்கள். பெண் என்றால் நின்று யோசித்திருப்பீர்கள். கல்யாணத்துக்குப் போனது, சாவுக்குப் போனது, மகளின் பரீட்சைக்குத் துணையாகப் போனது எதுவும் சேர்த்தி இல்லை. வேண்டுதலுக்குப் போனது அறவே சேர்த்தி இல்லை. அதில் கடவுளும் கூடவே வந்துவிடுகிறார். அப்புறம் அது எப்படித் தனியாகப் போனதாகும்?

பல்லக்கா தனியாகப் போகிறவர். அவருக்குப் பல் ஒன்றும் எடுப்பாக இருக்காது. டயர் கடைக்கு மேல் மாடியில் பல்செட் செய்கிற பட்டறை ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்ப்பதால் வந்த பெயர். பல் டாக்டர்கள் நோயாளியின் ஈறை அச்செடுத்து அனுப்புவார்கள். அந்த அச்சில் இவர் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, வாயின் உருவத்தை எடுத்து, அதன்மேல் இளஞ்சிவப்பு மெழுகில் பற்களை ஒவ்வொன்றாக நடுவார். பிறகு அதை வெந்நீரில் வேகவைத்து, ராவி, பளபளப்பேற்றினால் ஒருவர் வாய்க்குப் போகும். ஊர்ப் பெரிய மனிதர்கள் மேடையில் காட்டும் சிரிப்பில் பாதி பல்லக்கா வேகவைத்தது. அவர்கள் பேசுவதற்கு மட்டும் அவர் பொறுப்பில்லை.

வீடு இரண்டு அறை. வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க மேலேயும் கீழேயும் போய் வருவதால், பக்கவாட்டில் எங்கேயும் போக அவருக்கு விருப்பமில்லை. கல்லூரி போகும் ஒரு மகள், பள்ளிக்கூடம் போகும் ஒரு மகன், அடுத்த தெருவிலிருந்து தினமும் வந்து போகும் நாத்தனார். நாற்பத்தைந்து வயதுவரை பல்லக்கா ஒரு கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்தது குளியலறையில் மட்டும்தான். அங்கேயும் வெளியே நின்று தட்டி, ‘உப்பு எங்க இருக்கு?’ என்று கேட்பார்கள்.

வழி அவருக்குப் பட்டறையிலேயே கிடைத்தது. சில பல்செட்டுகள் அவசரம். மகன் கல்யாணத்தில் போட்டோவுக்கு நிற்கவேண்டிய அப்பா, மறுநாளே பேசவேண்டிய வக்கீல். கூரியரில் போட்டால் இரண்டு நாளாகும் என்பதால் யாராவது கையில் எடுத்துக்கொண்டு போகவேண்டும். மற்றவர்கள் முகம் சுளித்தபோது பல்லக்கா, “நான் போறேன் சார்” என்றார். போகவர பஸ் காசு முதலாளியுடையது. வேலை நேரத்துக்குப் பிறகு உடைந்த பல்செட் ஒட்டிச் சேர்த்தது அறை வாடகைக்கு. எந்த ஊரில் யாருக்குப் பல் கொட்டுகிறது என்பதை வைத்துத்தான் அவருடைய சுற்றுலாத் திட்டம் உருவாகும். மூன்று மாதத்துக்கு ஒன்று தேறும்.

வார நாளில்தான் போவார். சனி ஞாயிறென்றால் லாட்ஜ்காரனுக்குப் பேராசை வந்துவிடும். பஸ் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் அறை, பையில் ரொட்டியும் வாழைப்பழமும். பார்க்கவேண்டிய இடம் என்று எதுவும் இல்லாத ஊராக இருந்தால் ரொம்ப நல்லது. பார்க்கவேண்டிய இடம் இருந்தால் நுழைவுச் சீட்டும் இருக்கும். அறைக்குள் போனதும் மின்விசிறியை மூன்றில் வைப்பார். பிறகு ஐந்தில் வைப்பார். மறுபடி மூன்று. ஏன் என்று கேட்க ஆள் இல்லை. அதுதான் அவர் காசு கொடுத்து வாங்கும் சரக்கு.

போன மாதம் ஏரிக்கரை ஊர் ஒன்றுக்கு இப்படிக் கிளம்பினார். பை கட்டும்போதே நாத்தனார் வந்து கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

“அங்க என்ன இருக்கு அண்ணி?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாத ஊருக்கு எதுக்குப் போறீங்க?”

“இங்க எல்லாம் இருக்கே, அதான்.”

“ஏதோ வேண்டுதல்னு சொல்லிட்டுப் போங்களேன். நாலு பேர் நாலு விதமா பேச மாட்டாங்கல்ல?”

“நான் சும்மா உக்காரப் போறேன். அதுக்கு எதுக்கு சாமிய சாட்சிக்கு இழுக்கணும்? அவருக்கு வேற வேலை இல்லையா?”

வீட்டுக்காரர் திருகாணிகளைப் பிரித்துக்கொண்டே, “டெலிவரி முடிஞ்சா சாயங்கால பஸ்ல வந்துடலாம்ல?” என்றார்.

“வந்துடலாம்ங்க. வரல.”

“என்னைக்காவது ஒருநாள் ரூம் கிடைக்காம ரோட்டுல நிக்கப் போறீங்க. அன்னைக்கோட இந்தக் கூத்து முடிஞ்சுது, ஆமா” என்றார் நாத்தனார். வீட்டுக்காரர் மறுக்கவில்லை. மறுக்காமல் இருப்பதும் ஓர் உத்தரவுதான். அறை இல்லாமல் ஒரே ஒரு முறை திரும்பி வந்தால் இனி கிளம்ப முடியாது என்பது பல்லக்காவுக்குப் புரிந்தது.

மதியம் ஒரு மணிக்கு டாக்டரிடம் பல்லைக் கொடுத்தாயிற்று. வழக்கமாகத் தங்கும் லாட்ஜுக்குப் போனால் அது செல்போன் கடையாகியிருந்தது. ஊருக்குத் திரும்பக் கடைசி பஸ் ஐந்தரைக்கு. வேறு இடம் தேடினார்.

முதல் லாட்ஜில் அறை இல்லை என்றார்கள். பலகையில் பதினொரு சாவி தொங்கியது. இரண்டாவது லாட்ஜில், “கூட ஆம்பளை யாராவது வந்திருக்காங்களா?” என்றார்கள். “பல் ஒரு செட் வந்துது, குடுத்துட்டேன்” என்றார் பல்லக்கா. அவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாவது லாட்ஜை அடையும்போது மணி நாலே முக்கால். மேனேஜர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். லாட்ஜ் மேனேஜர்களுக்குத் தனியாக வரும் பெண் இரண்டே வகை. ஒன்று ஓடிவந்தவள், இல்லையென்றால் சாக வந்தவள். தூங்க வந்தவள் என்று ஒரு வகை இருக்கக்கூடும் என்பது அந்தத் தொழிலில் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

“லேடீஸ் தனியா வந்தா ரூம் தர்றதில்லம்மா.”

“அடையாள அட்டை இருக்கு, முன்பணம் இருக்கு. வேற என்ன வேணும்?”

“உள்ள போய் ஏதாவது பண்ணிக்கிட்டீங்கன்னா நாங்கல்ல பதில் சொல்லணும்?”

“பண்ணிக்கத்தான் வந்திருக்கேன். குளிப்பேன், தூங்குவேன்.”

“ஏம்மா, புரியாம பேசுறீங்க. இது குடும்பத்தோட தங்குற இடம்.”

“நானும் குடும்பத்துலேருந்துதான் வர்றேன். அதனாலதான் ரூம் கேக்குறேன்.”

பின்னால் பெட்டியோடு ஒருவர், மனைவி, இரண்டு குழந்தைகளுடன் நின்றிருந்தார். “சீக்கிரம் முடிங்கம்மா, பசங்க நிக்குது” என்றார் அவர். மனைவி பல்லக்காவின் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பையிலிருந்து பல்லக்கா பட்டறைச் சீட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். பட்டறையில் ஒரு விதி உண்டு. டாக்டர் ஒரு பல்செட்டைத் திருப்பி அனுப்பினால், ‘சரியில்லை’ என்று வாயால் சொன்னால் போதாது. என்ன குறை என்று சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். மேல்வரிசை இடிக்கிறதா, கடிக்கும்போது பொருந்தவில்லையா? எழுதாவிட்டால் பட்டறை திரும்ப வாங்காது. டெலிவரிக்குப் போகிறவர் பையில் அந்தச் சீட்டு இல்லாமல் படி இறங்கக்கூடாது.

“என்னம்மா இது?”

“திருப்பி அனுப்புற சீட்டு. என்னைத் திருப்பி அனுப்புறீங்கல்ல? என்ன குறைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நான் பாட்டுக்குப் போயிடுறேன்.”

மேனேஜர் கண்ணாடியை இறக்கி, சீட்டில் அச்சடித்திருந்த குறைப் பட்டியலைப் படித்தார். “நிறம்னு போட்டிருக்கே?”

“அது பல்லுக்கு. உங்களுக்கு அதுவும் குறையாப் பட்டா எழுதுங்க.”

அவர் பேனாவைத் திறந்தார். குறை என்ற இடத்தில் ‘தனியாக’ என்று எழுதினார். அந்த ஒரு சொல்லைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அடுத்து என்ன எழுதுவது? தனியாக வந்தார், காசோடு வந்தார், மரியாதையாகக் கேட்டார். வாயால் நூறு முறை சொன்னது தாளில் இறங்க மறுத்தது. அநியாயத்துக்கு எப்போதும் கையெழுத்துப் போடப் பயம். வாய்மொழியாகவே ஊரை ஆண்டுவிட்டுப் போய்விடும்.

அவர் முதலாளிக்குப் போன் போட்டார். மறுமுனைக் குரல் மேஜைக்கு இந்தப் பக்கம்வரை கேட்டது. “எழுதிக் கிழுதிக் குடுத்துத் தொலைக்காதய்யா! எங்கயாவது கொண்டுபோய்க் காட்டினா என்ன பண்றது? ரூமைக் குடுத்துடு!”

மேனேஜர் சீட்டைக் கிழித்தெடுத்து மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சாவியை வைத்துவிட்டு, தோற்ற மாதிரி இருக்கக்கூடாதே என்று ஒரு நிபந்தனையும் போட்டார்.

“உங்களைப் பாக்க ரூமுக்கு யாரும் வரக்கூடாது.”

“அதுக்குத்தான்யா காசு குடுக்கிறேன்” என்றார் பல்லக்கா.

மணி ஐந்து இருபது. மாடி ஏறிப்போய்த் தாழ் போட்டார். ஐந்தரை பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு கிளம்புவதை ஜன்னலில் நின்று பார்த்தார். வீட்டுக்குப் போன் செய்து, “ரூம் கிடைச்சிடுச்சு. காலையில வர்றேன்” என்றார். நாத்தனார் ஏதோ ஆரம்பித்தார். அதற்குள் பல்லக்கா வைத்துவிட்டார்.

இதில் அவருடைய கெட்டிக்காரத்தனத்தை மெச்சி நாம் தப்பித்துக்கொள்ளக்கூடாது. தூங்குவதற்கு ஒரு பெண் இவ்வளவு கெட்டிக்காரியாக இருக்கவேண்டியிருப்பதே வெட்கக்கேடு. சீட்டு இல்லாதவர்களும் சட்டென்று பதில் சொல்ல வராதவர்களும் அந்த ஐந்தரை பஸ்ஸில் ஏறியிருப்பார்கள். ஏறியும் இருக்கிறார்கள், தினமும்.

பல்லக்கா சொன்னதில், பெட்டியோடு பின்னால் நின்றவரைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அவருக்குக் கேட்ட உடனே சாவி கொடுத்தார்கள். அவர் சாகமாட்டார் என்று மேனேஜருக்கு யார் உத்தரவாதம் கொடுத்தது? அன்றைக்கு அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்திருந்தால் வேலை ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். அவர் பிள்ளைகளும் நின்றிருக்கவேண்டாம்.

அடுத்த முறை அந்த இடத்தில் நீங்கள் நிற்பீர்கள். முன்னால் ஒரு பெண்ணிடம் அறை இல்லை என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். தயவுசெய்து செல்போனை நோண்டாதீர்கள். பெட்டியைக் கீழே வையுங்கள். “அவங்களுக்கு முதல்ல குடுங்க. இல்லன்னா என்ன காரணம்னு எழுதிக் குடுங்க, எனக்கும் ஒரு காப்பி வேணும்” என்று சத்தமாகக் கேளுங்கள்.