முட்டை வண்டிக்கு ஒரு ஆர்.சி. புக்

அடுத்தவர் சங்கடத்தைப் பெறுநர், பொருள், பணிவான வேண்டுகோள் என்று பிரித்து மூன்று பிரதி அடித்துக் கொடுப்பதுதான் ஜாப் டைப்பிங் தொழில். எழுபதுகளின் கடைசியில் மட்டாஞ்சேரி கொச்சங்காடியில், ஒரு சுக்குக் கிடங்குக்கு மேலே இருந்த மாடி அறையில் நான் அந்தத் தொழில் செய்துகொண்டிருந்தேன். கீழேயிருந்து சுக்குத் தூசி ஏறி வரும். மனு கொடுக்க வருகிறவர்கள் முதலில் தும்முவார்கள், பிறகுதான் கதை சொல்வார்கள். ஏதாவது ஒரு ஆபீஸ் ஜன்னலில் "இன்னும் ஒரு பேப்பர் வேணுமே" என்று சொல்லக் கேட்டுத் திரும்பி நடந்தவரா நீங்கள்? அப்படியானால் இந்தக் கதை உங்களுக்குப் புதிதாக இருக்காது.

கேட்க மறந்தது

வர்க்கி சேட்டன் பள்ளுருத்திக்காரர். அங்கிருந்து மட்டாஞ்சேரி வரைக்கும் சாயாக்கடைகளுக்கும் பேக்கரிகளுக்கும் முட்டை போடுகிறவர். இருபது வருஷம் சைக்கிளில் போட்டார். முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்ததும் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கி இரண்டு பக்கமும் பிரம்புக் கூடை கட்டிக்கொண்டார். வளைகுடாவுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த ஒருவர் அவசரத்தில் விற்ற வண்டி அது. ஒரு நாள் பாலத்தடியில் போலீஸ் இன்ஸ்பெக்டர் நிறுத்தி ஆர்.சி. புக் கேட்டார். இல்லை. ஒரு மாதத்துக்குள் கொண்டுவந்து காட்டாவிட்டால் வண்டி ஸ்டேஷன் வாசலில் நிற்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

புத்தகம் தொலைந்துபோனதாக ஒரு மனு அடித்துத் தரும்படி வர்க்கி சேட்டன் கேட்டார். முட்டை லாரிக்காரர்களோடு பழகிப் பழகி வந்த தமிழ் அவருடையது; என்னை மட்டும் மகளே என்பதற்கு மலையாளத்தில் 'மோளே' என்றுதான் கூப்பிடுவார். எப்போது தொலைந்தது என்று கேட்டேன். வர்க்கி சேட்டன் விரல் விட்டு எண்ணினார். "சாவி தந்தான் மோளே, ஸ்பேர் டியூப் தந்தான், சீட்டுக்குப் பூப்போட்ட உறைகூட தந்தான். புத்தகம் மட்டும் நான் கேட்க மறந்துட்டேன்."

ஜன்னலுக்கு அந்தப் பக்கம்

நான் நியாயமாக "வேண்டாம்" என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எங்கள் தொழிலில் வாடிக்கையாளர் சொன்னதை அடிப்பதுதான் பழக்கம். மேற்படி வாகனத்தின் பதிவுப் புத்தகம் எதிர்பாராத விதமாகத் தொலைந்துவிட்டது என்று நல்ல அழகாக அடித்துக் கொடுத்தேன். வர்க்கி சேட்டன் கூடைகளை வீட்டில் இறக்கிவைத்துவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார்.

மோட்டார் வாகன ஆபீசில் இருந்த குமாஸ்தா நல்ல மனுஷர். மனுவை முழுக்கப் படித்துவிட்டு, புத்தகம் யார் பெயரில் இருந்தது என்று கேட்டிருக்கிறார். தெரியாது. என்ன நிற அட்டை? தெரியாது. புத்தகத்தைப் பார்த்ததாவது உண்டா? அதுவும் இல்லை. பதிவில் உள்ள உரிமையாளர்தான் நகல் புத்தகத்துக்கு மனுப் போட முடியும், அது யார் என்று தெரிய வேண்டுமானால் வண்டி நம்பரைக் குறிப்பிட்டுத் தனியாக இன்னொரு மனு கொடுங்கள் என்று வழியும் சொல்லியிருக்கிறார். மனுவைத் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னாராம்: "கையில கிட்டாத ஒண்ணை நீங்க எப்படிச் சேட்டா தொலைச்சீங்க?"

நாலு, ஒண்ணு, ரெண்டு, ஏழு

இந்த இடத்தில் நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டாவது மனுவில் 4172 என்று அடிக்க வேண்டிய இடத்தில் 4127 என்று அடித்துவிட்டேன். மூன்று பிரதியிலும் ஒரே தப்பு. ஆபீஸ்காரர்கள், நாங்கள் கேட்ட நம்பருக்குச் சரியான பதில்தான் கொடுத்தார்கள். வர்க்கி சேட்டன் அந்த விலாசத்தைத் தேடிக் கண்டுபிடித்து, வீட்டுக்காரரைக் கும்பிட்டு, உங்கள் பழைய வண்டியை நான்தான் வைத்திருக்கிறேன், ஒரு கையெழுத்து மட்டும் போட்டால் போதும் என்று கேட்டிருக்கிறார்.

மறுநாள் காலை என் மாடிப்படியில் கனமான காலடி கேட்டது. வந்தவர் அந்த வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். கையில் வர்க்கி சேட்டன் அவரிடம் கொடுத்துவிட்டு வந்த மனுவின் பிரதி, அதன் மூலையில் என் கடையின் ரப்பர் ஸ்டாம்ப். தும்மக்கூட இல்லை. கோபத்தைச் சுக்கால் ஒன்றும் செய்ய முடியாது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். நாற்காலியை இழுத்து உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார்: "என் ஸ்கூட்டர் என் வீட்டு முற்றத்திலதான் நிக்குது. அதை நான் எப்போ முட்டைக்காரருக்கு வித்தேன்னு மட்டும் சொல்லுங்க, நான் போயிடறேன்."

பஸ் ஸ்டாப்பில் ஆறு வருஷம்

மன்னிப்புக் கேட்டேன். காப்பி வாங்கிக் கொடுத்தேன். ஆனால் இன்ஸ்பெக்டர் கொடுத்த ஒரு மாதத் தவணையில் பத்து நாள் என்னால் வீணாகிவிட்டது. வர்க்கி சேட்டன் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மனுவைத் திரும்ப அடித்தேன், நம்பரை இருவரும் விரல் வைத்துச் சரிபார்த்தோம். பதில் வந்ததும் நானே அவரோடு திருப்பூணித்துறைக்குப் புறப்பட்டேன். அவர் வண்டியில் முன்னால் போக, நான் பஸ்ஸில்.

உரிமையாளர் ஒரு பெண்மணி. கமலம் டீச்சர் என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். என் குடும்பத்தைப் போலவே பல தலைமுறையாக இந்தப் பக்கம் வாழும் தமிழ்க் குடும்பம். எர்ணாகுளத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. விஷயத்தைச் சொன்னதும் தன் பெயரில் வண்டியே கிடையாது என்றார். கொண்டுபோன ஆபீஸ் கடிதத்தைக் காட்டினேன். அவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவரைப் பார்த்தார். கணவர் பேப்பரைக் கீழே இறக்கவில்லை.

மெல்ல மெல்ல உண்மை வெளியே வந்தது. கணவர் ஜாதகத்துக்கு வாகனம் ஆகாது என்று ஜோசியர் சொன்னதால் மனைவி பெயரில் வாங்கியிருக்கிறார். கையெழுத்து வேறு ஏதோ காரணம் சொல்லி வாங்கியது. வீட்டில் சொன்னதோ, அது கம்பெனி வண்டி, குடும்பத்தை ஏற்றக்கூடாது என்பது சட்டம் என்று. அப்புறம் அதை அந்த வளைகுடாக்காரருக்கு விற்றிருக்கிறார். புத்தகம்? சட்டைப்பையிலேயே கிடந்து சலவைக்குப் போய்க் கூழாகிவிட்டதாம். டீச்சர் எல்லாவற்றையும் கேட்டார். சத்தம் போடவில்லை. "ஆறு வருஷமா வண்டி என் பேர்ல இருந்திருக்கு. நான் மழையிலயும் வெயில்லயும் பஸ்ஸுக்கு நின்னுண்டிருந்திருக்கேன்."

உரிமையாளரின் நிபந்தனை

கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். அதாவது, உடனே போட மறுத்துவிட்டார். ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்த வண்டியில் கணவர் தன்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடவேண்டும், அதன் பிறகு எத்தனை இடத்தில் வேண்டுமானாலும் கையெழுத்து என்றார். வர்க்கி சேட்டன் முகம் வெளுத்தது. கொடுத்த வண்டியைத் திருப்பித் தராமல் போனால்? சட்டப்படி அது டீச்சருடையதுதானே. ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். கூடைகளை அவிழ்த்துத் தோளில் மாட்டிக்கொண்டு சாவியை டீச்சர் கையில் கொடுத்தார். இரண்டு பேரும் பஸ்ஸில் திரும்பினோம். மறுநாள் அவர் பழைய சைக்கிளை எடுத்தார், பாதி முட்டைதான் போட முடிந்தது.

அதற்கடுத்த நாள் போனோம். வண்டி துடைத்துப் பளபளவென்று வாசலில் நின்றது. கணவர் வலது கணுக்காலில் தைலம் தடவிக்கொண்டிருந்தார். கிக்கரை இருபது தடவை உதைத்தும் கிளம்பாமல், கடைசியில் பால்காரர் தள்ளிவிட்டாராம். டீச்சர் சொன்ன சொல் தவறாமல், போலீசுக்கும் மோட்டார் ஆபீசுக்கும் நான் அடித்துவைத்திருந்த எல்லாத் தாளிலும் கையெழுத்துப் போட்டார். பயணம் எப்படி இருந்தது என்று கேட்டேன். பேனாவை மூடினார். "முதுகு வலிக்கு பஸ்ஸே தேவலை. ஆனா ஸ்டாஃப் ரூம் ஜன்னல்ல எல்லாரும் நின்னு பார்த்தாளே, அது போறும்."

புதுப் புத்தகம்

தவணை முடிய மூன்று நாள் இருக்கும்போது மனுவின் ரசீதை வர்க்கி சேட்டன் இன்ஸ்பெக்டரிடம் காட்டினார். அவர் பார்த்துவிட்டு, சரி போ என்று அனுப்பிவிட்டார். நகல் புத்தகம் வந்து, அது வர்க்கி சேட்டன் பெயருக்கு மாறி வர மேலும் நாலு மாதம் ஆயிற்று. அன்றைக்கு அவர் வெள்ளைச் சட்டையில், புத்தகத்தை ஒரு புது டவலில் சுற்றிக்கொண்டு மாடி ஏறி வந்தார். நான் முட்டை சாப்பிடமாட்டேன் என்று தெரியும், அதனால் ஒரு டஜன் நேந்திரம்பழம்.

நான் புத்தகத்தை விரித்து வரி வரியாகப் படித்தேன். ஒரு தடவை சூடுபட்டவளுக்கு வருகிற பழக்கம். நம்பர் சரி. எஞ்சின் எண் சரி. அப்பா பெயர் மட்டும் ஔசேப்பு என்பதற்குப் பதில் வேறு யாரோ ஒரு ஐசக்காக இருந்தது. திருத்தம் கேட்டு ஒரு மனு அடித்துத் தருகிறேன், காசு வேண்டாம் என்று மெஷினில் தாளைச் செருகினேன். வர்க்கி சேட்டன் அவசரமாகப் புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி டவலில் சுற்றிக்கொண்டார். "வேண்டாம் மோளே. அப்பச்சன் போய்ப் பதினாறு வருஷமாச்சு. பேரு தப்பா இருக்குன்னு அவர் எந்திரிச்சு வந்து கேட்கமாட்டார்."

மொத்தத்தில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: வண்டி ஓடப் பெட்ரோல் இருந்தால் போதும், அந்த வண்டி நம்முடையது என்று நாமே நம்புவதற்குத்தான் இத்தனை கையெழுத்து வேண்டியிருக்கிறது.