எங்கள் ரத்தம் எங்கே?

நான் இப்படி ஒரு காரியம் செய்வேன் என்று யாராவது சொல்லியிருந்தால் அடிக்கப் போயிருப்பேன். செய்துவிட்டேனே! பத்து நாளாகியும் படபடப்பு அடங்கவில்லை.

கதிரேசன் எங்கள் மில்லில் எனக்குப் பக்கத்துத் தறி. சேதராப்பட்டு ரோட்டில் லாரி மோதி, கால் எலும்பு நொறுங்கி, சீழ் பிடித்து... அழுகியதைச் சுரண்டி எடுத்ததில் எலும்பில் ஒரு பள்ளம். கட்டை விரல் நுழையுமாம்! அது அடையாவிட்டால் காலையே எடுத்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஒற்றைக் காலோடு தறி ஓட்ட முடியுமா?

டாக்டரம்மாவிடம் ஒரு புது வழி இருந்தது. இடுப்பெலும்பில் கொஞ்சம் துணுக்கு எடுத்து, ரத்தத்திலிருந்து பிரித்த பசையில் குழைத்து, பள்ளத்தை அடைப்பது. "ரெண்டு பேர் ரத்தம் குடுங்க. பிரிச்சு, உறைய வெச்சு, ஆபரேஷன் அன்னைக்கு எடுத்துக்கறோம்" என்றார்.

நானும் சங்கச் செயலாளரும் கொடுத்தோம். போட்டோ பிடிக்க ஆளில்லையே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

ஆபரேஷன் அன்று காலை மில்லிலிருந்து இருபது பேர் போனோம். தியேட்டர் வாசலில் ஒரு நர்ஸ், தட்டில் இரண்டு சின்னப் பாக்கெட்டோடு வந்தார்.

"இது இன்னாம்மா?"

"நீங்க குடுத்த ரத்தத்துல எடுத்ததுதாங்க. இப்பதான் உருக்கி எடுத்துட்டு வர்றேன்."

எட்டிப் பார்த்தேன். மஞ்சள்! அதுவும் பாக்கெட்டுக்கு இரண்டு ஸ்பூன்! நான் கொடுத்தது பை நிறையச் சிவப்பு. என் கண்ணால் பார்த்தேனே...

"எங்க ரத்தத்த வித்துட்டு மஞ்சத் தண்ணி காட்டுறியா?" – கத்தியது வேறு யாருமில்லை, நான்தான். சங்கத்துக்குக் கோஷமும், சங்கப் பத்திரிகையில் இந்த வாராந்தரப் பத்தியும் எழுதுபவன் நானே. கேட்க வேண்டுமா? "எங்கள் ரத்தம் எங்கே, எங்கே!" இருபது தொண்டை. தியேட்டர் கதவை மறித்து உட்கார்ந்துவிட்டோம். மில் கேட்டில் பழகிய பழக்கம்!

டாக்டரம்மா விளக்கினார். காதில் வாங்கினால்தானே? "அண்ணே, உருகினா ரொம்ப நேரம் தாங்காது, வழி விடுங்க" என்று அந்த நர்ஸ் அழுதார். "திருடி" என்றேன். ஆமாம், அந்த வார்த்தையைத்தான் சொன்னேன்.

மத்தியானம் டாக்டரம்மா ஒரு கண்ணாடிக் குழாயைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். உள்ளே யாரோ ஒருவரின் ரத்தம், அசையாமல் நின்று தெளிந்தது. அடியில் சிவப்பு. மேலே... மஞ்சள்.

"இந்த மஞ்சளை உறைய வெச்சுப் பிரிச்சா ரெண்டு ஸ்பூன்தான் தேறும். சிவப்பைப் பிரசவத்துக்கு வந்த பொண்ணுக்கு ஏத்தியாச்சு. நீங்க மறிச்ச பாக்கெட் நேரம் தாண்டிப் போச்சு. இனிமே போட்டா ஆபத்து."

கதிரேசனுக்கு இருந்த ஒரே வழியை நானே உட்கார்ந்து கெடுத்திருக்கிறேன்!

"குடுத்த ரெண்டு பேரும் உடனே திரும்பக் குடுக்கக் கூடாது. வேற ரெண்டு பேர் வாங்க" என்றார் டாக்டரம்மா.

எங்கள் இருவரைத் தவிரப் பதினெட்டு பேர் இருந்தார்களே! ஒருவனுக்கு ஷிப்ட். ஒருவனுக்கு மயக்கம் வருமாம். ஒருவன் பீடி வாங்கப் போனான் – போனவன் போனவன்தான். எலும்பில் பள்ளம் என்று கேட்டபோதுகூட நான் இப்படி அதிர்ந்ததில்லை. கதிரேசனின் மனைவி கை நீட்டினாள். சோகை என்று மறுத்துவிட்டார்கள்.

கடைசியில் கொடுத்தது யார் தெரியுமா? ஒன்று, டாக்டரம்மா. இன்னொன்று, நான் திருடி என்ற அந்த நர்ஸ்.

முந்தாநாள் ஆபரேஷன் முடிந்தது. எலும்பு கூடுமா என்று தெரிய மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டுமாம். அன்றைய கூத்தை வார்டில் படுத்திருந்த கதிரேசனிடம் யாரும் சொல்லவில்லை. மனைவியும்தான். நேற்றுப் பார்க்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டான்.

"உள்ள இருக்கறது நம்ம ஆளுங்க ரத்தம்தானேண்ணே? மில்லுக்காரன் கைவிட மாட்டான்னு எனக்குத் தெரியும்ணே."

"ஆமாம்ப்பா" என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

ஒரு வாரம்கூட விடாமல் இந்தப் பத்தியைப் படிப்பவன் அவன். படித்துக்கொள், கதிரேசா!