கண்டக்டருக்குப் பசி வந்தபோது

அந்த வருடம் எதிரில் வந்த எல்லோர் மீதும் எனக்குப் பொறாமையாக இருந்தது. வசதியாக இருப்பவர்களைப் பார்த்து வரும் பொறாமை இல்லை. ஒரு நாள் காலையில் பக்கத்து வீட்டுக்காரர் குழம்பில் உப்பு இல்லையென்று மனைவியிடம் சத்தம் போட்டார். சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருந்த எனக்கு வயிறு எரிந்தது. உப்பு இல்லாதது அவருக்குத் தெரிகிறது, அதற்காகக் கோபப்படத் தெம்பும் இருக்கிறது. என் நாக்குக்கு ருசி தெரிந்து பல மாதங்கள் ஆகியிருந்தன.

முதலிபாளையத்தில் நூலைப் பின்னித் துணியாக்கும் ஒரு நிட்டிங் கம்பெனியில் நான் சூப்பர்வைசர். மெஷினில் ஊசி உடைந்தால் துணியில் மெல்லிய கோடு விழும். கண்டதும் நிறுத்த வேண்டும். ஒரு நாள் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பட்டனை அழுத்த வேண்டும் என்று தெரிந்தது. கை எழவில்லை. ரோல் முழுக்க வீணாகிவிட்டது. முதலாளி திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "உடம்பு செரியில்லீங்களா? கொஞ்ச நாள் ஊட்டுல இருந்துட்டு வாங்க" என்றார். அந்த மரியாதை என்னை இன்னும் சிறியவனாக்கியது.

வீட்டில் இருப்பது அதைவிட மோசமாக இருந்தது. எங்கள் வீட்டு வரிசையின் கடைசி அறையில் ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர்கள் தங்கியிருந்தார்கள். ஊர், மொழி எல்லாவற்றையும் விட்டு வந்தவர்கள், குழாயடியில் போனில் பாட்டு வைத்துக்கொண்டு சிரித்துச் சிரித்துக் குளிப்பார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று ஆத்திரமாக வரும். என் மனைவி ஒரு பனியன் கம்பெனியில் துணியின் ஓரம் தைக்கும் ஓவர்லாக் டெய்லர். ஷிப்ட் முடிந்து வந்து தலையைச் சாய்த்த மாத்திரத்தில் தூங்கிவிடுவாள். களைத்தால் அவளுக்குத் தூக்கம் வந்தது. எனக்குக் களைப்பு மட்டுமே வந்தது. தூங்கும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு, எனக்குச் சேர வேண்டியதையும் சேர்த்து இவளே எடுத்துக்கொள்கிறாள் என்று நினைத்திருக்கிறேன்.

செத்துப்போகலாம் என்ற நினைப்பு பெரிய அலறலாக வரவில்லை. வீட்டுக்குள் நுழைந்து ஓரமாக உட்கார்ந்துகொண்ட விருந்தாளி மாதிரி இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவள் ரசம் தாளித்துக்கொண்டிருந்தபோது, "எனக்கு உசுரோட இருக்கப் புடிக்கல" என்றேன். அவள் அடுப்பை அணைத்தாள். அழவில்லை. என் முன்னால் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரிக்குப் போறோம். அது வரைக்கும் எங்கண்ணு முன்னாலயே இருங்க. நான் குளிக்கப் போனாலும் வாசல்ல நின்னு பேசிட்டே இருக்கோணும். செரிங்களா?"

அப்படியே செய்தேன்.

மனநல டாக்டரைப் பார்க்கக் காத்திருந்த பெஞ்சில்தான் ஒரு கண்டக்டரைச் சந்தித்தேன். தாராபுரம் போகும் ஒரு தனியார் பஸ்ஸில் வேலை. கூட அவருடைய அக்கா வந்திருந்தார். "ஸ்டேண்டுல நின்னு ஊர்ப் பேரக் கத்தோணுங்க. எனக்கு வாயே தெறக்க மாட்டேங்குது. டிக்கெட் கேட்டாலும் மூஞ்சியவே பாத்துட்டு நிக்கறனுங்க" என்றார். நான் மெஷினைப் பற்றிச் சொன்னேன். அவர் தலையாட்டினார். அதற்கு மேல் நாங்கள் பேசவில்லை. ஆனாலும் உலகத்தில் நான் பொறாமைப்படாத ஒரே மனிதரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அவ்வளவு ஆறுதலாக இருந்தது.

ஆறுதல் வெகுநாள் நீடிக்கவில்லை. அவருக்கு மாத்திரை சீக்கிரம் ஒத்துக்கொண்டது. என் மாத்திரையை டாக்டர் மாற்ற வேண்டியிருந்தது. அடுத்தடுத்த முறைகளில் கண்டக்டர் சவரம் செய்து, நெற்றியில் திருநீறு பூசி வந்தார். "எனக்கு இப்ப நல்லாப் பசிக்குதுங்க. நேத்து நாலு இட்லி தின்னுபோட்டு இன்னொன்னு கேட்டனுங்க" என்றார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். என் மனைவி கண்டக்டரைப் பார்த்த பார்வைதான் எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த வீட்டு வாசலில் நிற்கும் புதுக் காரைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

பிறகு ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் அவரைக் கண்டேன். படியில் ஒரு கால், காற்றில் ஒரு கால். "கொடுவாய், குண்டடம், தாராபுரம்!" என்று தொண்டை கிழியக் கூவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கையசைத்தார். பார்க்காதவன் போலத் திரும்பி நடந்தேன். ஒரே பெஞ்சிலிருந்து அவரை மட்டும் எழுப்பிக் கூட்டிப்போய்விட்டார்கள் என்று நெஞ்சு குமுறியது. இனி ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்று வீட்டில் சொன்னேன். மனைவி காதில் வாங்கவே இல்லை. மறுமுறையும் கூட்டிப்போனாள்.

புது மாத்திரையில் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கம் திரும்பியது. மற்றதெல்லாம் அப்படியேதான் இருந்தது. சில மாதங்கள் கழித்து ஒரு நாள், பெஞ்சில் கண்டக்டர் உட்கார்ந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது. சட்டைப் பொத்தான்கள் மாறிப் போட்டிருந்தன. அக்கா அவர் கையைப் பிடித்திருந்தார்.

முதலில் எனக்குள் எழுந்தது சந்தோஷம்தான். அது ஒரு நொடிகூட நிற்கவில்லை. உடனே பயம் வந்தது. இவர் எழுந்து போனதைக் கண்ணால் பார்த்திருந்தேன். அதனால்தான், வயிற்றெரிச்சலோடு என்றாலும், எழுந்து போக முடியும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். இவரே திரும்பி வந்துவிட்டால் நான் எங்கே போவேன்?

"என்னாச்சுங்க?" என்றேன்.

"நல்லாயிருச்சுன்னு மாத்திரைய நானே நிறுத்திப்போட்டனுங்க. டாக்டரக் கேக்கல."

எனக்குக் கோபம் வந்தது. மாதக்கணக்கில் வராத கோபம். அந்த வராண்டாவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். "ஏனுங்க நிறுத்துனீங்க? உங்க மேல நான் எத்தன பொறாமப்பட்டேன் தெரியுங்களா? ஸ்டேண்டுல உங்களப் பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனவன் நானுங்க!"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "எம்மேலயா?" என்றார். "எம்மேல இதுவரைக்கும் ஒருத்தரும் பொறாமப்பட்டதில்லீங்க."

அக்கா முதலில் சிரித்தார், பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தார். கண்டக்டரின் உதடும் லேசாகக் கோணியது. சிரிப்பென்று சொல்ல முடியாது, ஆனால் அதற்குப் பக்கத்தில் இருந்தது.

அன்று போன் நம்பர் வாங்கிக்கொண்டேன். தினமும் சாயங்காலம் கூப்பிட்டு, மாத்திரை போட்டாரா என்று கேட்பேன். அவர் என்னைக் கேட்பார். வேறு பேச்சு இல்லாத நாட்களில் அந்த ஒரு கேள்வியோடு வைத்துவிடுவோம். உயிரோடு இருக்க என்ன காரணம் என்று யோசித்து யோசித்து எனக்கு ஒன்றும் கிடைத்ததில்லை. இப்போது ஒன்று இருந்தது. நான் கூப்பிடாவிட்டால் அந்த மனிதர் பயந்துபோவார். அது சின்னக் காரணம்தான். ஆனால் ஒரு நாளைத் தாண்ட அது போதுமானதாக இருந்தது. மறுநாளுக்கும் அதுவே போதுமானதாக இருந்தது.

இந்த முறை நான் முந்திக்கொண்டேன். கம்பெனிக்குத் திரும்பிய முதல் வாரம், கேன்டீன் தக்காளிச் சோறு காரமாக இருந்ததென்று அவரிடம் சொன்னேன். "காரம் தெரியுதுங்களா உங்களுக்கு?" என்றார். "எனக்கு வவுறு எரியுதுங்க." எனக்கு வந்த கூச்சமும் பெருமையும் சொல்லி மாளாது. அவரும் பிறகு மெல்ல மெல்லத் தேறி, மறுபடி பஸ்ஸில் ஏறிவிட்டார். இருவரும் இன்னும் மாத்திரை சாப்பிடுகிறோம். கெட்ட நாட்கள் இப்போதும் வருகின்றன. வந்தால் முதலில் ஒருவருக்கொருவர் சொல்லிவிடுகிறோம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு பேசிவிட்டுப் போனை வைத்தேன். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, அந்த கண்டக்டருகிட்ட இத்தன பேசறீங்க. மனசு எப்பிடி இருக்குதுன்னு எங்கிட்ட ஒரு நாளாச்சும் இப்பிடிச் சொல்லியிருக்கீங்களா? பாத்தா எனக்குப் பொறாமையா இருக்குதுங்க."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கண்கள் கலங்கியிருந்தன. குளியலறை வாசலில் என்னை நிறுத்தி வைத்துப் பேசச் சொன்னவள். அன்றைக்கு வாய்க்கு வந்ததை எல்லாம் பேசினேனே தவிர, உள்ளே இருந்ததைச் சொன்னதில்லை. மடித்த துணிகளை நகர்த்திவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மெஷினில் கோடு விழுந்த நாளிலிருந்து ஆரம்பித்தேன். இடையில் எழுந்து விளக்கைப் போட்டுவிட்டு வந்தாள். "ம், சொல்லுங்க" என்றாள்.