அல்லைப்பிட்டியில் ஒரு புலவா

எந்த நாட்டிடம் எத்தனை அணுகுண்டு என்று கொழும்பு அறைக்குள் படித்துப் படித்து அலுத்துப்போய், போன மாசியில் நயினாதீவுக்குக் கிளம்பினேன். யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள் வாடகை நாளுக்கு இரண்டாயிரம் ரூபா. பண்ணைப் பாலம் வழியாக அல்லைப்பிட்டி ஏறக்குறைய ஏழு கிலோமீற்றர்.

தேநீருக்கு நின்ற இடத்தில், கரையில் கூட்டம். அவ்வூர் மீனவர் அமலன் அண்ணையின் புதிய படகு. பழையதை வலையோடு சேர்த்து றோலர் எனப்படும் இந்திய இழுவைப்படகு ஒன்று உடைத்துவிட்டது. அன்று மாலையே தொழிலுக்கு இறங்க வேண்டும். கோயில் பாதர் புனித நீர் தெளித்து மந்திரிக்காத படகில் கூட்டாளிகள் ஏறமாட்டார்கள். பாதரோ தண்ணீர் தெளிக்காமல் நின்றார். படகின் முன்பக்கத்தில், அணியத்தில், சிவப்பாக ‘புலவா’ என்று எழுதியிருந்தது.

எந்தப் புலவன் என்று பாதர் கேட்டதற்கு, ரஷ்ய ஏவுகணை, யூடியூபில் பார்த்தது என்று அண்ணை பெருமையாகச் சொல்லிவிட்டார். அணுகுண்டு பற்றிப் படிப்பவன் நான் என்று வாய்விட்டேன்; உண்மையா என்று பாதர் என்னிடம் கேட்டார். நீர்மூழ்கியிலிருந்து கடலுக்கடியிலேயே ஏவுவது, ஒரு கப்பலில் பதினாறு, எட்டாயிரம் கிலோமீற்றர் தாண்டும், ஒவ்வொன்றும் பல அணுகுண்டு சுமக்கும் என்றேன். பெயருக்குத் தண்டாயுதம் என்று பொருள். ஆரம்பச் சோதனைகளில் பாதி பிசகியது என்பதையும் சேர்த்துக்கொண்டேன்.

“அப்ப உங்கட பழைய எஞ்சின் மாதிரித்தான்,” என்றார் அண்ணையின் மனைவி றீற்றா அக்கா.

பாதர் சிரிக்கவில்லை. “அமலன், சண்டை நேரம் இந்தக் கரையில செல் குண்டு விழுந்தது காணாதே? ஊரை எரிக்கிற சாமானை மந்திரிக்க என்னால ஏலாது.”

“பழைய வள்ளத்துக்கு அந்தோனியார் பேர்தான் வைச்சனான் பாதர். றோலர்காரன் பயப்பிடேல்லையே.”

எனக்குக் கோபம் வந்தது, அண்ணை மீதல்ல. இலங்கை, இந்திய அரசுகள் இரண்டும் இந்த இழுவைப்படகுகளைப் பற்றி வருடக்கணக்காகப் பேசிக்கொண்டே இருக்கின்றன. இங்கே ஒரு மீனவன் தன் வலையைக் காக்க அணுகுண்டின் பெயரைக் கடன் வாங்குகிறான்.

றீற்றா அக்கா மிச்சப் பெயின்ற் வாளியை எடுத்தார். கடைசி எழுத்தின் துணைக்காலைச் சரிவாகக் கீழே இழுத்தார். தலையில் ஒரு புள்ளி வைத்தார். புலவர்.

“இப்ப தெளியுங்கோ, பாதர்.”

பாதர் தெளித்தார். றோலர்காரன் சிரிப்பான் என்று அண்ணை முணுமுணுத்தார்.

“நிண்டு வாசிக்கட்டும். அதுக்குள்ள நீங்கள் வலையை இழுத்திடுங்கோ,” என்றார் அக்கா.

மாலை படகைத் தள்ளக் கைகொடுத்தேன்; நயினாதீவு அன்று தவறியது. நீங்கள் போவதானால் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து முப்பது கிலோமீற்றருக்கு மேல். தண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள், வெயில் ஏறுமுன் படகைப் பிடியுங்கள். அல்லைப்பிட்டிக் கரையில் கூட்டம் கண்டால் மட்டும் இறங்கிப் பாருங்கள்.

மறுநாள் காலை அந்த வழியால் போனேன். புலவர் கரை சேர்ந்திருந்தார், வலை முழுசாக இருந்தது. காயாத புள்ளியைக் கடல் கழுவிவிட்டிருந்தது. றீற்றா அக்கா மறுபடி வைத்துக்கொண்டிருந்தார்.