மூன்று கைப்பேசிகளும் ஒரு ஃபரீஹாவும்

மலேசியாவின் யோங் பெங்கில் நெடுஞ்சாலையை ஒட்டிய அந்த லாரிக் கம்பெனியில், மூன்று பேர் பார்த்த வேலையை இப்போது ஃபரீஹா ஒருத்தியே பார்த்தாள். ஆனால் அது வெளியே யாருக்கும் தெரியாது. வெளியே இருப்பவர்களைப் பொறுத்தவரை கனகராஜும் பிரேமலாவும் இன்னும் அங்கேதான் வேலை செய்தார்கள்.

ஆள்குறைப்பு நடந்த அன்று முதலாளி சொக்கு மூவரையும் தனித்தனியாகத் தன் அறைக்குள் கூப்பிட்டார். மற்ற இருவரும் வெளியே வந்து தங்கள் சாமான்களைப் பெட்டியில் கட்டினார்கள். ஃபரீஹா வெளியே வந்தபோது அவள் கையில் அந்த இருவரின் கம்பெனிக் கைப்பேசிகள் இருந்தன.

“வாடிக்கைக்காரங்ககிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க,” என்றிருந்தார் சொக்கு. “ஆளை நிறுத்திட்டோம்னு தெரிஞ்சா, கம்பெனி ஆட்டம் கண்டுடுச்சுன்னு வேற லாரியத் தேடிப் போயிடுவாங்க. அவங்க போன் அடிச்சா எடுக்காதீங்க, மெசேஜ்ல அவங்க மாதிரியே பதில் போடுங்க. சமாளிச்சிடலாம் லா.”

அவர் சொல்லாமல் விட்டதும் அவளுக்குப் புரிந்தது. சமாளிக்கவில்லை என்றால் அடுத்த பெட்டி அவளுடையது.

சமாளித்தாள். பிரேமலா எந்தச் செய்தியையும் ஒரு ரோஜாப் படம் போடாமல் முடிக்க மாட்டாள். ஃபரீஹாவும் ரோஜா போட்டாள். கனகராஜ் யார் என்ன கேட்டாலும் “போலே, தவுக்கே” என்று மலாயில் எழுதுவார். முடியும் முதலாளி, அவ்வளவுதான். முடியாது என்ற சொல்லே அவரிடம் கிடையாது. பொந்தியான் அன்னாசிக்கு லாரி வேண்டுமா? போலே. மழையில் ஏற்ற வேண்டுமா? போலே. கடைசியில் அது அவள் விரலிலேயே ஒட்டிக்கொண்டது. ஒருநாள் வீட்டிலிருந்து, கறி வாங்கி வர முடியுமா என்று கேட்ட அவள் அப்பாவுக்கும் அதையே அனுப்பிவிட்டாள்.

“யாரும்மா தவுக்கே?” என்று உடனே போன் போட்டார் அய்யூப். “என்னையச் சொல்றியா, உங்க உம்மாவச் சொல்றியா?”

அவளும் சிரித்தாள். ஆனால் கனகராஜுக்கோ பிரேமலாவுக்கோ அவள் ஒருமுறைகூட போன் செய்யவில்லை. எண்ணைத் தேடி எடுப்பாள், பிறகு வைத்துவிடுவாள். நான் மட்டும் தப்பித்துவிட்டேன் என்பதை எப்படித் தொடங்குவது?

துரியான் பழப் பருவம் வந்தது. மூன்று கைப்பேசிகளும் மாறி மாறி அலறின. பெக்கோக் துரியான் வியாபாரி லிம்மிடமிருந்து கனகராஜின் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. சனிக்கிழமை வரமுடியுமா என்ற வரி மட்டும் கண்ணில் பட, வழக்கம்போல் லாரிதான் என்று நினைத்து “போலே, தவுக்கே” என்று தட்டிவிட்டு அடுத்த கைப்பேசிக்குத் தாவினாள்.

மாலையில்தான் அதை முழுதாகப் படித்தாள். அது லாரிக்கான அழைப்பில்லை, அவர் மகளின் கல்யாண விருந்துக்கான அழைப்பு. அதற்குள் லிம் இன்னொன்றும் அனுப்பியிருந்தார்: ‘நல்லது! முன் மேசை உனக்கு. நீ வரலைன்னா உன் வீட்டுக்கே வந்து இழுத்துட்டுப் போவேன்.’

கனகராஜும் லிம்மும் பல வருடப் பழக்கம். வேறு யாரும் போய் நிற்க முடியாது. ஃபரீஹா வெகுநேரம் யோசித்துவிட்டுத் தன் சொந்தக் கைப்பேசியை எடுத்தாள்.

“கனகராஜ் அண்ணே, உங்களுக்கு ஒரு கல்யாணம் இருக்கு.”

“எனக்கா? என் பொண்டாட்டிகிட்ட கேட்டியா?”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தாள்.

“அடிப்பாவி. என்னை வேலைய விட்டு நிறுத்துனாங்க, என் பேர நிறுத்தலையா?” என்று அவர் சிரிக்கத் தொடங்கினார். பிறகு குரல் மாறியது. “நான் வரேன். ஆனா நீயும் வரணும். அவங்க கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன் தங்கச்சி. நீதான் சொல்லணும்.”

“சொன்னா என் வேலை போயிடும்ணே.”

“போனாலும் போகலாம். ஆனா இப்ப பாக்கறது உன் வேலையா? என் வேலையும் பிரேமலா வேலையும் தானே பாத்துக்கிட்டு இருக்க?”

சொக்கு குடும்பக் காரியமாகக் காரைக்குடிக்குப் போயிருந்தார். சனிக்கிழமை மாலை பெக்கோக் சீனப் பள்ளி மண்டபத்தில், தனிச் சமையலோடு முஸ்லிம்களுக்குப் போட்டிருந்த மேசையில் இடம் பிடித்துக்கொண்டு, கனகராஜின் முன் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள் ஃபரீஹா. பழ வியாபாரிகள் ஒவ்வொருவராக அவரிடம் வந்தார்கள். பொந்தியான் அன்னாசிக்காரர் தோளில் தட்டினார்.

“போன வாரம் லாரி லேட்டாச்சே, மெசேஜ்ல உன்னை நல்லா ஏசிட்டேன். மனசுல வெச்சுக்காத லா.”

கனகராஜ் அவளைத் திரும்பிப் பார்த்தார். ஃபரீஹா எழுந்து போனாள்.

“அந்த ஏச்சு எனக்கு வந்துச்சு,” என்றாள் மலாயில். “இவரைக் கம்பெனியில நிறுத்தி மாசக் கணக்காச்சு. இவர் பேர்ல எழுதுனது நான்.”

லிம்மும் வந்து நின்றார். “அப்போ பிரேமலா?”

“அவங்களையும் நிறுத்திட்டாங்க.”

“அந்த ரோஜாப் பூ?”

“அதுவும் நான்தான்.”

அன்னாசிக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். “அலமாக்! அந்தப் பூவுக்கு நான் தினமும் பதில் பூ போட்டேனே!”

மேசையே வெடித்துச் சிரித்தது. லிம் மட்டும் சிரிக்கவில்லை. “இந்தப் பருவம் முழுக்க என் துரியான் ஒரு கூடைகூட கெட்டுப் போகலை. மூணு பேர் வேலையும் நீ தனியா பாத்தியா?”

“ஆமா, தவுக்கே. இனிமே முடியாது.”

சொன்ன பிறகுதான், இத்தனை மாதத்தில் அந்தச் சொல்லை முதல்முறை சொல்கிறோம் என்பது அவளுக்கே உறைத்தது.

லிம் அவள் கையில் ஆரஞ்சுச் சாற்றுக் கோப்பையைத் திணித்து, அவளை மேடைக்கே அழைத்துப் போய் ஒலிவாங்கியைப் பிடித்தார். மணமக்களுக்கு வாழ்த்து முடிந்திருந்தது. “இப்ப ஃபரீஹாவுக்கு!” என்று கத்தினார். மண்டபம் முழுவதும் கோப்பைகளைத் தூக்கி, “யாம்ம்ம் செங்!” என்று சீன விருந்து வாழ்த்தை மூச்சு முட்ட இழுத்தது. மிக நீளமாக இழுத்தவர் கனகராஜ்தான்.

சொக்கு ஊர் திரும்பிய அன்று காலையே அவளை அறைக்குக் கூப்பிட்டார். விஷயம் அவர் காதுக்கு வந்திருந்தது.

“யாரைக் கேட்டு சொன்னீங்க?”

ஃபரீஹா இரண்டு கைப்பேசிகளையும் அவர் மேசையில் வைத்தாள். “நான் ஒரே ஒரு ஆள், பாஸ். இனி என் பேர்ல மட்டும்தான் பேசுவேன். வேண்டாம்னா சொல்லுங்க, போயிடறேன்.”

அவர் வாயைத் திறப்பதற்குள் கணக்குப் பிரிவுப் பெண் எட்டிப் பார்த்தாள். “பாஸ், பெக்கோக் தவுக்கே லைன்ல இருக்காரு. அடுத்த பருவத்துக்கும் நம்ம லாரிதானாம். ஆனா ஃபரீஹா இருந்தா மட்டும்தானாம்.”

சொக்கு நாற்காலியில் சாய்ந்தார்.

“சரி. இன்னொரு ஆள் போடலாம். விளம்பரம் குடுங்க.”

“விளம்பரம் எதுக்கு? பிரேமலா அக்காகிட்ட நேத்தே பேசிட்டேன், வர்றாங்களாம். கனகராஜ் அண்ணன் வரமாட்டாரு. சொந்தமா வேன் ஓட்டறாரு, கல்யாணத்துலயே நாலு வாடிக்கை பிடிச்சிட்டாரு.”

“எல்லாம் முடிவு பண்ணிட்டுத்தான் வந்திருக்கீங்க,” என்றார் சொக்கு.

“ஆமா பாஸ். நான் சாப்பிடப் போறேன்.”

அவள் கதவைத் தாண்டியபோது, உள்ளே மேசைமேல் கனகராஜின் கைப்பேசி அலறியது. மணி நிற்கவேயில்லை. கடைசியில் முதலாளி அதை எடுப்பது கேட்டது.

“ஹலோ... இல்லீங்க, கனகராஜ் இல்ல,” என்றார் சொக்கு, தொண்டையைச் செருமிக்கொண்டு. “அது வந்து... அவரை நாங்க நிறுத்திட்டோம்.”