கழுத்தைப் பார்க்கும் பாய்

மேலப்பாளையத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார் அந்தப் பாய். ஒட்டிய கன்னம், வெள்ளைத் தாடி. யார் வந்தாலும் முதலில் கழுத்தைத்தான் பார்ப்பார்.

அப்பாவின் உடைந்த கண்ணாடியைச் சரிபண்ணப் போயிருந்தேன். கூட்டத்தைக் கண்டால் எனக்கு நெஞ்சு படபடக்கும், தரை சரியும். எழுத்து வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியதால் ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். பேய்க்கோளாறு என்று வீட்டில் முடிவாகி, வெள்ளிக்கிழமை என்னை வெளியூரில் சங்கிலி போட்டுப் பேயோட்டும் இடத்தில் விடுவதாக இருந்தார்கள்.

"ஏன்வே தலையைச் சாய்ச்சே நிக்கீரு?" என்று கேட்டு, என் இடது கண்ணை உள்ளங்கையால் பொத்தினார். ஆடிக்கொண்டிருந்த தெரு நின்றது. மூச்சு சீரானது.

"பேயும் இல்ல, பிசாசும் இல்லவே. ஒரு கண்ணு மேல போவுது, ஒண்ணு கீழ போவுது. ரெண்டையும் இழுத்துப் பிடிச்சே உம்ம உசுரு போவுது. டாக்டர்ட்ட காட்டும்."

டாக்டர் சீட்டைப் பார்த்ததும் அப்பா பயணத்தை நிறுத்தினார். அதில் எழுதியிருந்த, இரண்டு கண் பார்வையையும் ஒன்றாகச் சேர்க்கும் பிரிசம் கண்ணாடியைப் பாய்தான் செய்து தந்தார். பயம் ஒரேயடியாகப் போகவில்லை. ஆனாலும் ஒரு மாதத்தில் பஸ் நிலையத்தைத் தனியாகக் கடந்தேன்.

அதைப் பாயிடம் சொல்லப் போனேன். "நீங்க இல்லாட்டி என்னையச் சங்கிலியில கட்டிருப்பாவ, பாய்."

அவர் முகம் மலரவில்லை. "என் தம்பிய நாங்க கட்டினோம்வே. ஆறு வருசம். அங்கனயே மவுத்தாயிட்டான். அவனும் தலையைச் சாய்ச்சுத்தான் நிப்பான்."

"அவருக்கும் கண்ணுதானா?"

"யாருக்குவே தெரியும்? அவன அடக்கம் பண்ணுன பொறவுதான் இந்தத் தொழிலயே படிச்சேன்."

என்னைப் போல ஒருவன் குணமாகி வந்து நிற்கும்போதெல்லாம் அவருக்குச் சந்தோஷமாக இருந்ததா, தம்பி மறுபடி செத்தது போல இருந்ததா? எனக்கு இன்னும் விளங்கவில்லை.